எண் பிறந்த இடம் தேடிய மகலனோபிஸ்

கணித மேதை இராமானுஜனை அறியாத மாணவர் நம் கல்லூரியில் இலர். ஆனால் அவருக்குக் கேம்பிரிட்ஜில் தோழராய் இருந்து, பின்னாளில் இந்திய நாட்டின் புள்ளிவிவரப் பணிகளுக்கு அடிகோலிய பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்களின் பெயரை நம்மில் பலர் தேர்வுக்காக மட்டுமே படித்திருக்கிறோம். தரவு அறிவியல் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கும் இந்நாளில், அத்தொழிலுக்குப் போக விரும்பும் என் போன்றோர் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

அவர் 1893 ஆம் ஆண்டு சூன் திங்கள் 29 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913 இல் கேம்பிரிட்ஜ் சென்று கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு இராமானுஜனும் அந்நகருக்கு வந்தார். ஒரு நாள் மகலனோபிஸ் அவருடைய அறைக்குச் சென்று, இரவில் குளிர் தாங்க முடிகிறதா என விசாரித்தார். மேற்சட்டையோடு சால்வையைப் போர்த்திப் படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். வேறொருவராயின் இன்னொரு கம்பளி வாங்கச் சொல்லியிருப்பார். மகலனோபிஸோ எழுந்து போய்ப் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் போதிய அளவு இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. நம் ஊர் வழக்கப்படி விரிப்பின் மேலேயே படுத்து வந்திருக்கிறார் நம் மேதை! கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கும் முறையைத் தோழர் காட்டிக் கொடுத்தார். அவருடைய ஆராய்ச்சிகள் அத்தனையையும் விட இந்தச் சிறு நிகழ்ச்சியே எனக்கு அவரை அடையாளம் காட்டியது.

1915 இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் வேளையில், போர் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. காத்திருந்த நாளில் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். அத்தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்த பின்னும் மனம் புள்ளியியலிலேயே நின்றது.

1922 இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெருஞ்செலவில் நீர்த்தேக்கங்கள் வெட்டலாம் என்றனர் பொறியாளர். ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்த மகலனோபிஸ், தேக்குவதால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926 இல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரை புரண்டபோதும் இதுவே நடந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. அறுபதாண்டுப் பதிவுகளைப் புரட்டிய அவருக்குப் படுகை உயர்ந்ததற்கான அடையாளமே கிடைக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே வழி என்றார்.

1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அவருடைய முயற்சியால் தோன்றியது. கல்லூரியில் அவருடைய ஆய்வகமாயிருந்த அறையே அதற்கு வீடு. ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி 1891 இல் வெளியிட்டிருந்த வங்க மக்களின் உடல் அளவைகளை அவர் எடுத்துக்கொண்டார். பிறராயின் அச்சிட்ட சராசரிகளை அப்படியே எடுத்து ஆண்டிருப்பர். அவர் ஒவ்வோர் அளவையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, எங்கே பிழை நுழைந்தது என்று தேடித் திருத்தி, 1933 இல் வெளியிட்டார். இன்று கூட்டத்தோடு சேராத எண்ணைப் பிரித்தறியக் கணினியில் பயன்படும் மகலனோபிஸ் தொலைவு என்னும் அளவு, இத்தகைய உடல் அளவை ஆய்வுகளிலிருந்து பிறந்ததே. கணினி ஆய்வகத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டவணையை நாம் எத்துணை வேகமாக நம்பிவிடுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

1937 முதல் வங்கத்தின் சணல் விளைச்சலைக் கணிக்கும் பணி நடந்தது. எடுத்த எடுப்பில் மாநிலம் முழுவதும் அவர் இறங்கவில்லை. சிறு பகுதியில் தொடங்கி, ஆண்டுதோறும் கற்றுக்கொண்டதை வைத்துப் பரப்பை விரித்தார். களப்பணியாளர் நடந்த நேரம், அளந்த நேரம் ஆகியவற்றைக்கூட எழுதி வைக்கச் செய்தார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே மாதிரி எடுக்கச் செய்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டார். இரண்டும் வெகுவாக மாறுபட்டால் எங்கோ கோளாறு என்பது வெளிப்பட்டுவிடும். பணியாளரை ஐயுற்றதாக இதனைக் கொள்ளலாகாது. தம் முறையையே அவர் ஐயுற்றார்.

1950 இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வடிவத்திலும் அவர் கை உண்டு. கனரகத் தொழிலுக்குக் கொடுத்த முதன்மையை அத்திட்டம் உழவுக்குக் கொடுக்கவில்லை என்பது உழவர் வீட்டுப் பிள்ளையாகிய என் குறை. 1972 சூன் 28 இல், 79 ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், அவர் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்த நாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவரும் தவறாதவர் அல்லர். பயிர் விளைச்சலை அறியச் சிறு வட்டமாக அறுத்து எடைபோட்டால் போதும் என்பது அவர் கொள்கை. சுகாத்மே என்ற அறிஞர் அதனை மறுத்தார். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் விளிம்பு. ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்திலோ 80 சென்டிமீட்டர்தான். விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து அறுப்பது கையின் இயல்பாகையால், சிறு துண்டில் விளைச்சல் கூடுதலாகத் தெரியும். சுகாத்மே கூறியதே சரி என்று நான் கருதுகிறேன்.

இது வெறும் ஏட்டு வழக்கு அன்று. வாணியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் எங்கள் பக்கத்திலும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு வயலில் ஒரு மூலையைக் குறித்து, ஐந்து மீட்டர் சதுரம் அளந்து அறுத்து எடைபோடுவார்கள். அப்படிச் சில வயல்களில் கிடைக்கும் எடையைக் கொண்டே ஊர் முழுமைக்கும் பயிர்க் காப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகும். எங்கள் வீட்டில் அடங்கலைப் படித்துச் சொல்லும் முதல் ஆள் நான். வறண்டு போன ஓர் ஆண்டில் நல்ல விளைச்சல் என்று எழுதப்பட்டதாக என் தந்தையார் இன்றும் வருந்துவார். எந்த வயலில், யார் முன்னிலையில் அறுத்தார்கள் என்று அன்று கேட்பாரில்லை. சென்ற பருவத்தில் பக்கத்து வயலில் கயிறு கட்டியபோது நான் வரப்பில் நின்றிருந்தேன். கயிற்றின் மேலேயே சாய்ந்து நின்ற தூரைக் காட்டி, அதன் அடி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்டேன். அறுத்தவர் குனிந்து, தாளை விலக்கி, அடியைப் பார்த்தார்.