லெவ் லாண்டாவ்: ஒரு ஜாமீனின் பயன்

பெரியோர் சரித்திரங்களை நாம் இச்சஞ்சிகையில் எழுதுவது அவர்தம் கீர்த்தியைப் பேசுதற்கு மாத்திரமன்று. நம் குடும்பத்துச் சிறுவரும் முதியோரும் கைக்கொள்ளத்தக்கதொன்றை எடுத்துக்காட்டுதற்கேயாம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர், ருஷிய தேசத்துப் பௌதிக சாஸ்திர வல்லுநராகிய லெவ் லாண்டாவ் என்பார். அணுவினுள் உறையும் நுண்துகள், மின்சாரத்தைத் தடையின்றிச் செலுத்தும் குளிர்ந்த உலோகம், வானத்து நட்சத்திரம் ஆகிய மூன்றையும் கணிதமொன்றையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்தவர் இவர்.

லாண்டாவ் 1908-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 22-ஆம் தேதி, காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கு நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் எண்ணெய்க் கிணறுகளிற் பணிபுரிந்த இஞ்சினீயர், தாயார் வைத்தியர். 13-ஆம் வயதில் பள்ளிப் படிப்பை முடித்து, 14-ஆம் வயதிற் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். 1924-இல் லெனின்கிராட் சென்று, 1927-இற் பட்டம் பெற்றார். 1929 முதல் 1931 வரை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் தங்கிக் கற்றார். கோப்பன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போர் என்னும் பேரறிஞரையே தம் குருவாக வாழ்நாள் முழுதும் போற்றினார்.

எரிபொருள் தீர்ந்து குளிர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்குதற்கு ஓர் எல்லை உண்டென்றும், அது சூரியனது நிறையைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கென்றும் 1932-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இவர் காட்டினார். சென்னைப் பிரசிடென்ஸி காலேஜிற் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் இத்தகைய எல்லையை 1931-இலேயே வெளியிட்டிருந்தார். லாண்டாவ் வேறு வழியே சென்று தாமாகவே அதனை அடைந்தார்.

1932-இல் கார்க்கோவ் நகரத்து ஆராய்ச்சிக் கழகத்தில் அமர்ந்தபின், மாணாக்கரை ஏற்பதற்கு இவர் கடினமான பரீட்சைகளை வகுத்தார். வந்தவர் யார் மகன், எவர் சிபார்சு என்பதைக் கேட்டாரல்லர். பரீட்சையில் தேறினாரா என்பதொன்றையே நோக்கினார். 1961 வரையில் அவற்றில் முற்றும் தேறியவர் 43 பேரே.

அவ்வூரில் இவருக்கு உற்ற நண்பராயிருந்தவர் ஷுப்னிக்கவ் என்னும் பரிசோதனை வல்லுநர். கலப்பு உலோகங்களை மிகக் குளிரச்செய்து காந்தத்தினிடையே வைத்து, அவை தூய உலோகங்களினின்று வேறுபட்டு நடப்பதை அவர் கண்டறிந்தார். ஸ்டாலின் ஆட்சியில் எங்கும் கைதுகள் நிகழ்ந்த காலம் அது. ஷுப்னிக்கவ் 1937-இற் பிடிக்கப்பட்டு, அவ்வருஷம் நவம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முன்னரே லாண்டாவ் மாஸ்கோ சென்று, பியோத்தர் கபீட்சா என்பார் தலைவராயிருந்த கழகத்திற் சேர்ந்துவிட்டார். ஆயினும் ஆபத்து அங்கும் தொடர்ந்தது. 1938 ஏப்ரல் மாத இறுதியில் லாண்டாவ் கைதானார். அரசாங்கத்தைக் கண்டித்த துண்டுப்பிரசுரமொன்றிற் பங்குகொண்டார் என்பது அவர்மேற் சாட்டிய குற்றங்களுள் ஒன்று.

இனி நாம் கூறப்போவதே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. கைதானவரைத் தமக்குத் தெரியுமென்று சொல்லவும் மக்கள் அஞ்சிய அந்நாளில், கபீட்சா அன்றைய தினமே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். நீல்ஸ் போரும் எழுதினார். பலன் கிட்டவில்லை. ஓராண்டு கழிந்தபின் கபீட்சா மீண்டும் அதிகாரிகளுக்கு எழுதினார். திரவ ஹீலியத்திலே தாம் கண்ட விந்தையொன்றை விளக்கவல்லவர் லாண்டாவே என எடுத்துரைத்து, அவர் நடத்தைக்குத் தாமே பொறுப்பென்று கையெழுத்திட்டு ஜாமீன் நின்றார். 1939 ஏப்ரல் 29-ஆம் தேதி லாண்டாவ் விடுதலையானார். கபீட்சா அவருக்கு உறவினரல்லர்; அவர் இனத்தவருமல்லர்.

அந்த ஜாமீனால் உலகம் பெற்றது யாது? கேவலப் பூச்சியத்திற்குமேல் 2.17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஹீலியம், மயிரினும் நுண்ணிய இடுக்கிலும் உராய்வின்றி ஓடும். அது இரண்டு திரவங்கள் கலந்தாற்போல நடக்கின்றதென்றும், அதனுள் வெப்பமே அலையாகப் பரவுமென்றும் 1941-இல் லாண்டாவ் கணித்தார். 1944-இல் அதே கழகத்திற் பேஷ்கவ் என்பார் அவ்வலையைப் பரிசோதனையிற் கண்டார். சில உலோகங்கள் கடுங்குளிரில் மின்தடையை முற்றும் இழக்கும் என்பது 1911 முதல் தெரிந்ததே. அந்நிலைக்குரிய சமன்பாடுகளை 1950-இல் லாண்டாவும் கின்ஸ்பர்க்கும் அமைத்தனர். அவற்றைக்கொண்டு அவர் மாணாக்கர் அப்ரிகோசவ், காந்தவிசை கலப்பு உலோகத்தினுள் நூலிழைகள்போல நுழையுமென்று 1957-இல் நிறுவினார். ஷுப்னிக்கவ் கண்டு வைத்துப்போன விந்தைக்கு இருபதாண்டு கழித்து விடை கிடைத்தது இவ்வாறே. இன்று வைத்தியசாலைகளில் உடலினுள்ளே படம்பிடிக்கும் பெருங்காந்தங்கள் இவ்வகைக் கலப்பு உலோகக் கம்பியால் ஆனவை.

அவ்வாண்டிலேயே, நியூட்ரினோ என்னும் நுண்துகள் ஒரு பக்கமாகவே சுழல்வதென்னும் கொள்கையை லாண்டாவ் வெளியிட்டார். பிறர் சிலரும் தனித்தனியே இதனைக் கூறினர். அத்துகளுக்கு அற்ப நிறையுண்டென்று பின்னாளில் தெரிந்தமையால் அக்கொள்கை சிறிது திருத்தம் பெற்றது. இவரும் லிப்ஷிட்ஸ் என்னும் மாணாக்கரும் தொடங்கிய பௌதிக நூல்வரிசை பத்துப் பாகங்களாய் நிறைவெய்தி, பல தேசத்து மாணாக்கருக்கும் இன்றளவும் பாடமாய் விளங்குகின்றது.

1962 ஜனவரி 7-ஆம் தேதி, பனி உறைந்த சாலையில் இவர் சென்ற மோட்டார் வண்டி லாரியுடன் மோதிற்று. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். மாணாக்கரும் நண்பரும் வைத்தியசாலையில் இரவுபகல் முறைவைத்துக் காத்திருந்தனர். அயல்நாடுகளினின்று மருந்துகள் ஆகாய விமானத்தில் வந்தன. உயிர் மீண்டது, ஆராய்ச்சித் திறம் மீளவில்லை. ஹீலியத்தைப்பற்றிய ஆராய்ச்சி முதலியவற்றிற்காக அவ்வருஷத்து நோபல் பரிசு அளிக்கப்பெற்றபோதும், அதை வாங்க ஸ்டாக்ஹோம் செல்ல இயலாது மாஸ்கோவிலேயே பெற்றார். 1968 ஏப்ரல் 1-ஆம் தேதி தம் அறுபதாம் வயதிற் காலமானார். கபீட்சா 1978-இல் நோபல் பரிசு பெற்று, 1984-இல் மறைந்தார். லாண்டாவ்மேலிருந்த வழக்கு குற்றமில்லையென்று முடிக்கப்பட்டது 1990-இலேதான். அதுவரை அந்த ஜாமீன் சட்டப்படி நின்றுகொண்டேயிருந்தது.

அன்பர்களே! பொருளீதல் தானமென்பதை நாம் அறிவோம். தம் பெயரைப் பிறனொருவனுக்குப் பிணையாக ஈதலும் தானமே; பொருள் இழந்தால் மீளவும் ஈட்டலாகும், பெயர் அங்ஙனமன்று. படிப்புக்கோ முதல் உத்தியோகத்துக்கோ ஒரு கையெழுத்து வேண்டித் திறமையுள்ள இளைஞன் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, இவன் நமக்கு என்ன முறை என்று கேட்குமுன், இவன் கல்வி வீணாகலாமா என்று கேட்டல் நம் கடன். ஷுப்னிக்கவ் மீளவில்லை, லாண்டாவ் மீண்டார். இவ்விருவர் கதியையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு ஒரு கையெழுத்தின் மதிப்பு நன்கு விளங்கும்.