மன்னரை வரைந்தவர் சிறைக்குப் போன கதை

பாலக்கோட்டில் இருக்கும் உங்களிடம் நாமக்கல் எங்கே என்று கேட்டால், அது வேறு மாவட்டம் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால், 1965 வரை உங்கள் தர்மபுரியும் நாமக்கல்லும் ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. ஒகேனக்கல்லில் குதித்து ஓடும் காவிரி, மேட்டூரைத் தாண்டி மோகனூர் பக்கமும் போகிறதே, அந்த மோகனூரில்தான் 1888 அக்டோபர் 19ல் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தார் வெ. ராமலிங்கம் பிள்ளை. நாமக்கல் கவிஞர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குப் படம் வரைவது என்றால் உயிர். நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார், பிறகு பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. தூரிகையை மட்டும் விடவில்லை. தில்லியில் 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா நடந்தது அல்லவா? அதையொட்டி மன்னரை வைத்து அவர் வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கமே கிடைத்தது!

வெள்ளைக்கார அரசிடம் நல்ல பெயர். இனி கவலையில்லாமல் படம் வரைந்து பிழைத்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. காந்திஜியின் வழியில் காங்கிரசில் சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார், பாட்டு எழுதினார்.

1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்புக்கு வரி போட்ட சட்டத்தை மீறுவதற்காகத்தான் அந்த நடைப்பயணம். பதினைந்து நாள் வெயிலில் நடந்தவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனது நம் கவிஞர் எழுதிய பாட்டை. ஆயுதமே எடுக்காமல் நடக்கிற போர் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி அதில் சொல்லியிருந்தார். அது சாதாரண வேலை இல்லை! அடிக்க வருபவரைத் திருப்பி அடிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று, தம்பியோடு சண்டை போடும்போது யோசித்துப் பாருங்கள்.

1932ல் அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தங்கப் பதக்கத்துக்குரிய படத்தில் இருந்த அதே ஜார்ஜ்தான் அப்போதும் மன்னர்!

சிறையில் சும்மா இருந்தாரா? 'மலைக்கள்ளன்' நாவலை எழுதினார். ஏழைகளுக்கு உதவுகிற ஒரு கள்ளனையும், அவனைத் தேடி அலையும் போலீசையும் பற்றிய விறுவிறுப்பான கதை. போலீஸ்காரர் பிள்ளைக்கு வந்த கற்பனையைப் பாருங்கள்! 1942ல் அது புத்தகமாக வந்தது. 1954ல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவாகி, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் வாங்கியது. தெலுங்கு, இந்தி, சிங்களம் என்று வேறு மொழிகளிலும் அந்தக் கதை படமானது. 'என் கதை' என்று தன் வாழ்க்கையையும் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் பெரியவர்களானதும் தேடிப் படியுங்கள்.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1949ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞர் ஆக்கியது. 1971ல் பத்மபூஷண் விருது. 1972 ஆகஸ்ட் 24ல் காலமானார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, அங்கே நூலகமும் உண்டு.

சென்னைக்குப் போனால் கடற்கரைச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்க்கலாம். இந்த ஜார்ஜ் வேறு, குழம்பிவிடாதீர்கள்! ஆங்கிலேயர் கட்டிய அந்தக் கோட்டைக்குள் இருக்கும் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர்.