சங்கம் காத்த சான்றோர்

சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனை நாளும் பேணிக் காத்தல் அரிது. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கிச் சென்றவர் கல்கத்தா மாநகரின் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்.

1833-ஆம் ஆண்டில் ஹௌராவை அடுத்த சிற்றூரொன்றில் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன்மார் ஆதரவில் வளர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். 1867-இல் ஹோமியோபதி முறையை வெளிப்படையாக ஆதரித்தமையால் உடன்தொழில் புரிந்தோர் பகைத்தனர்; ஆயினும் தாம் மெய்யெனக் கொண்டதை அவர் கைவிட்டாரில்லை.

இந்தியர் தாமே விஞ்ஞானம் பயிலவும் ஆராயவும் ஒரு மன்றம் வேண்டுமென்று 1869 முதல் அவர் வற்புறுத்தி வந்தார். அது நாட்டு மக்களின் நன்கொடையாலும் சந்தாவாலும் நடைபெற வேண்டும். நிர்வாகமும் அவர்தம் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1876 ஜூலை 29-ஆம் நாள் பௌபஜார் வீதியில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் உதயமாயிற்று. பகலெல்லாம் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர், மாலையில் அங்கே விரிவுரையாற்றினார். லாஃபோன் பாதிரியார் சோதனைகள் செய்து காட்டி விளக்கினார். விஜயநகர மகாராஜா ஆய்வுக்கூடம் அமையப் பொருளுதவினார்.

எனினும், நிலையான பேராசிரியர்களை அமர்த்தப் போதிய நிதி சேரவில்லை. எண்ணியது ஈடேறவில்லையே என்ற ஏக்கத்துடனேயே 1904-இல் அப்பெரியார் மறைந்தார். ஆனால், கழகத்தின் கதவு மட்டும் மூடப்படவில்லை.

1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த பதினெட்டு வயதுத் தமிழிளைஞர் ஒருவர் அக்கதவைத் தட்டினார். அவரே சி. வி. இராமன். அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ந்தார். 1919-இல் அதன் கௌரவச் செயலாளருமானார். 1928-இல் இராமன் விளைவு அங்கேயே கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிட்டியது. விதைத்தவர் காணாத விளைச்சல் அது!

அன்பர்களே! சிறு தொகையேனும் சந்தா செலுத்தியோர் பலர். அவர்தம் பெயர்களை இன்று நாமறியோம். அவர்கள் அளித்த பொருளும் சேர்ந்தே அவ்விளக்கை அணையாது காத்தது. நாம் ஆண்டுதோறும் நம் சங்கத்திற்குச் செலுத்தும் சந்தாவும் அத்தகையதே. நாளை இவ்வூருக்குப் புதிதாக வரும் இளைஞர் எவரோ, அவர் ஆற்றல் எதுவோ, யாரறிவார்? அவர் தட்டும்போது திறக்க ஒரு கதவு இருத்தல் வேண்டும். அதற்கு நாம் ஒவ்வொருவரும் உறுப்பினராதலே வழி.