வாரிசா, வேடதாரியா? நீதிமன்றங்களைப் பல ஆண்டுகள் உலுக்கிய பவால் சந்நியாசியின் வாழ்க்கை

பெருஞ்செல்வம் கொண்ட குடும்பத்தின் வாரிசு எனக் கூறி வருபவர் உண்மையான உறவினரா, சொத்தைக் கவர வந்த மோசடிக்காரரா என்ற கேள்வி, பிரிட்டிஷ் கால இந்தியாவில் 16 ஆண்டுகள் நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்டது. பவால் சந்நியாசி வழக்கு என அறியப்பட்ட அந்த வழக்கின் மைய மனிதர், ரமேந்திர நாராயண் ராய்.

டாக்காவை அடுத்த ஜெய்தேவ்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பவால் ஜமீனின் மூன்று இளவரசர்களில் இரண்டாமவராக 1884-ல் அவர் பிறந்தார். படிப்பில் நாட்டமில்லை, வேட்டையிலும் கேளிக்கைகளிலும் காலம் கழிந்தது. உடல்நலம் குன்றிய நிலையில், 1909 ஏப்ரலில் மனைவி விபாவதி தேவி, அவருடைய சகோதரர் சத்யேந்திரநாத் பானர்ஜி, மருத்துவர் ஆகியோருடன் டார்ஜிலிங் சென்றார். மே மாதம் அங்கேயே அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த சில ஆண்டுகளில் மற்ற இரு சகோதரர்களும் வாரிசின்றி மறைந்தனர். ஜமீன் நிர்வாகம் அரசின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வசமானது. விதவையின் பங்கு வருமானம் கல்கத்தாவில் வசித்த விபாவதிக்குச் சென்றது.

இந்நிலையில், டாக்காவின் பக்லாண்ட் கரையில் சாம்பல் பூசிய சடாமுடித் துறவி ஒருவர் தென்பட்டார். இளவரசரின் சாயல் இருப்பதாகப் பேச்சு பரவியது. 1921-ல் ஜெய்தேவ்பூருக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவரை, சகோதரி ஜோதிர்மயி தேவி தம் உடன்பிறந்தவர் என ஏற்றார். மே 4-ம் தேதி, குடிகள் முன்னிலையில் தாமே இரண்டாம் குமார் எனத் துறவி அறிவித்தார். பாட்டி சத்யபாமா தேவியும் அவரை ஏற்றுக்கொண்டார். ஆனால் விபாவதி மறுத்தார். ஒரு மாதத்துக்குள் டாக்கா ஆட்சியர் லிண்ட்சே, அவர் ஒரு மோசடிக்காரர் என அறிவிப்பு வெளியிட்டார்.

1930-ல் அவர் வழக்குத் தொடுத்தார். தமக்கு நஞ்சூட்டப்பட்டதாகவும், இரவில் சுடுகாட்டுக்குக் கொண்டுசென்றபோது புயல்மழையில் உடன் வந்தவர்கள் விலகியதாகவும், நாகா சாதுக்கள் மீட்டதாகவும், நினைவிழந்து பல ஆண்டுகள் அலைந்ததாகவும் அவர் கூறினார். மறுநாள் காலையில் எரியூட்டப்பட்டது வேறொரு சடலம் என்பது அவர் தரப்பு வாதம். பஞ்சாபின் ஆஜ்லா கிராமத்தைச் சேர்ந்த மால் சிங் என்பவரே இளவரசராக நடிக்கிறார் என எதிர்த்தரப்பு வாதிட்டது. அவர் வங்காளம் சரிவரப் பேசாதது அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

டாக்காவில் நீதிபதி பன்னாலால் பாசு முன் வாதி தரப்பில் 1,069 பேரும், எதிர்த்தரப்பில் 479 பேரும் சாட்சியம் அளித்தனர். கணுக்காலில் வண்டிச் சக்கரம் ஏறியதால் ஏற்பட்ட தழும்பு, பாதங்களின் செதில் படர்ந்த தோல் உள்ளிட்ட அடையாளங்கள் பொருந்துவதாகக் கண்ட பாசு, 1936 ஆகஸ்டில் அவரே ரமேந்திர நாராயண் எனத் தீர்ப்பளித்தார். 1940-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1946 ஜூலை 30-ல் விபாவதியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வெற்றியை அனுபவிக்க அவருக்கு வாய்க்கவில்லை. தீர்ப்புச் செய்தி வந்ததும் கல்கத்தாவில் காளி கோயிலுக்கு வழிபடச் சென்ற அவர், திடீரென நோயுற்று ஓரிரு நாள்களில் காலமானார். சட்டத்தின் பார்வையில் அவருடைய மனைவியாகவே இருந்த விபாவதி, அவரைக் கணவராகக் கடைசிவரை ஏற்கவில்லை.

மறு ஆண்டு நாட்டுப் பிரிவினையில் பவால் கிழக்குப் பாகிஸ்தான் வசமானது. பின்னர் ஜமீன்தாரி முறையும் ஒழிந்தது. இத்தனை பெரிய வழக்குக்குக் காரணமான ஜமீனின் அரண்மனை, இன்று வங்கதேசத்தின் காஜிப்பூர் மாவட்ட நிர்வாக அலுவலகமாக இயங்குகிறது.