மாடிப் பட்டறை மனிதர் ஜேம்ஸ் வாட்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம்ம ஹாஸ்டல் அறையில் எரிகிற பல்பைக் கழற்றிப் பாருங்கள். 9 வாட் என்று போட்டிருக்கும். ஒரு மனிதரின் பெயரைத்தான் தினமும் இப்படிச் சொல்கிறோம். நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஜேம்ஸ் வாட் என்று சின்னப் பசங்க கூடச் சொல்வார்கள். கொதிக்கிற கெட்டிலின் மூடி ஆடியதைப் பார்த்தார், உடனே இன்ஜின் செய்தார் என்று ஒரு கதையும் உண்டு.

ஆனா நடந்தது வேறு. வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-லேயே, தாமஸ் நியூகாமன் செய்த நீராவி இன்ஜின் இங்கிலாந்தில் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் வாட் என்னதான் செய்தார்? சரியாக ஓடாத ஒரு பழைய மாடலை ரிப்பேர் செய்தார். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் பட்டறை

ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் 1736 ஜனவரி 19 அன்று ஜேம்ஸ் வாட் பிறந்தார். அப்பாவுக்குத் தச்சுவேலை, கப்பலுக்கு வேண்டிய சாமான் விற்பது, கப்பல்காரர்களின் கருவிகளைப் பழுதுபார்ப்பது எல்லாம் தொழில். பையனுக்கு அடிக்கடி தலைவலி, உடம்பு பலவீனம். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக முடியவில்லை. வீட்டில் படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அப்பாவின் பட்டறைதான். அவனுக்கென்று தனி மேஜை, தனிக் கருவிகள், சின்ன உலை எல்லாம் அங்கே இருந்தன. மாடல்கள் செய்து பழகினான்.

பதினேழு பதினெட்டு வயதில் அம்மா இறந்துபோனார். அப்பாவின் வியாபாரமும் நொடித்தது. கருவி செய்யும் தொழிலைக் கற்க வாட் 1755-ல் லண்டன் போனார். அங்கே ஏழு வருடம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. ஏழு வருடத்துக்கு வசதி ஏது? 20 கினி கட்டணம் கட்டி, ஜான் மார்கன் என்ற தொழிலாளியிடம் ஒரே வருடத்தில் கற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டார். இரவு பகல் பாராமல் உழைத்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1756-ல் ஊர் திரும்பினார்.

கையில் தொழில் இருந்தது. ஏழு வருடம் பயின்ற தகுதி இல்லை. அந்த நேரத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஜமைக்காவிலிருந்து வானியல் கருவிகள் வந்து இறங்கின. கடல் பயணத்தில் பழுதாகியிருந்த அவற்றைச் சுத்தம் செய்து சரிப்படுத்தும் வேலை வாட்டுக்குக் கிடைத்தது. வேலை பிடித்துப்போக, 1757-ல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு அறை கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட!

ஓடாத மாடல்

1763-64 குளிர்காலத்தில் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் ஒரு மாடலை வாட்டிடம் கொடுத்தார். வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகாமன் இன்ஜின் மாடல் அது. சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம், ஸ்ட்ரோக் 6 அங்குலம். ஏற்கெனவே லண்டனுக்கு ரிப்பேருக்குப் போய் வந்த மாடல். அப்படியும் சில ஸ்ட்ரோக் அடித்துவிட்டு நின்றுவிடும். பாய்லரில் ஆவி தீர்ந்துபோகும்.

வாட் நினைத்திருந்தால் ஏதோ ஒரு மாதிரி ஓட வைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனா அவர் ஏன் நிற்கிறது என்று கேட்டார். ஆவியை அளந்தார், தண்ணீரை அளந்தார். காரணம் தெரிந்தது.

நியூகாமன் இன்ஜினில் சிலிண்டருக்குள் ஆவியை விட்டு, அதன்மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி தண்ணீராகிச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆனால் ஆவியோடு சேர்ந்து சிலிண்டரும் குளிர்ந்துவிடும். அடுத்த தடவை வருகிற ஆவியில் பெரும்பகுதி சிலிண்டரைத் திரும்பச் சூடாக்கவே செலவாகும். ஒவ்வொரு தோசை சுட்டதும் கல்லை இறக்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றினால் விறகு எவ்வளவு ஆகும்? அந்தக் கதைதான்!

1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ கிரீன் என்ற புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது. ஆவியைச் சிலிண்டருக்குள் குளிர வைக்காதே, வேறொரு பாத்திரத்துக்கு இழுத்துக் குளிர வை. சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கட்டும், அந்தப் பாத்திரம் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கட்டும். தெர்மல் பாடத்தில் நாம் வரைகிற கண்டென்சர் பிறந்தது இப்படித்தான். ஒரு பெரிய பித்தளை சிரிஞ்சைச் சிலிண்டராக வைத்து அவர் செய்து பார்த்த முதல் மாடலே வேலை செய்தது.

பதினோரு வருடம்

கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், கஷ்டமே இனிமேல்தான். மனதில் தோன்றிய இன்ஜின் சுரங்கத்தில் ஓடுவதற்குப் பதினோரு வருடம் ஆனது. காரணம், நம்ம மெஷின் ஷாப் பாஷையில் சொன்னால், போரிங் சரியில்லை! பெரிய சிலிண்டரை உருண்டையாகக் கடைந்து கொடுக்க அன்றைக்கு ஆள் இல்லை. 1769-ல் பேடன்ட் கிடைத்தது. அதே வருடம் செய்த 18 அங்குல சிலிண்டரில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஆவி கசிந்தது. எதை எதையோ திணித்து அடைத்துப் பார்த்தும் பயனில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு வாட் கால்வாய் சர்வே வேலைக்குப் போனார். பணம் போட்ட கூட்டாளி ஜான் ரோபக் கடனில் மூழ்கினார். 1773-ல் வாட் வடக்கே மலைப்பகுதியில் சர்வே செய்துகொண்டிருந்தபோது, மனைவி மார்கரெட் பிரசவத்தில் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சேதி வந்தது. வீடு வந்து சேருவதற்குள் அவர் இறந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார்கள்.

1774-ல் வாட் பர்மிங்காம் போனார். மேத்யூ போல்டன் கூட்டாளியானார். பீரங்கிக் குழாய் கடைய ஒரு மெஷின் செய்திருந்த ஜான் வில்கின்சன், சிலிண்டர் கடைவதற்கும் ஒரு மெஷின் அமைத்தார். போரிங் பாரை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார், அவ்வளவுதான் ரகசியம். பார் வளையவில்லை. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை. 1776 மார்ச்சில் டிப்டன் என்ற ஊர்ச் சுரங்கத்தில் இன்ஜின் ஓடியது. மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள்.

பிறகு வரிசையாக வந்தன: 1781-ல் சன் அண்டு பிளானட் கியர், 1784-ல் பேரலல் மோஷன், 1788-ல் கவர்னர். ஒரு குதிரையின் வேலை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று கணக்குப் போட்டு ஹார்ஸ் பவரைக் கொடுத்தவரும் அவரே. குறையும் உண்டு. 1800 வரை பேடன்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் இன்ஜினைத் திருத்துவதற்குத் தடையாக நின்றார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே.

மாடி அறை

என் மனதை அதிகம் தொட்டது இந்தப் பகுதிதான். 1800-ல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். பணம் இருந்தது, புகழ் இருந்தது. அவர் போய் உட்கார்ந்தது, ஹீத்ஃபீல்டு என்ற தன் வீட்டில் கூரைக்கு அடியிலிருந்த ஒரு சின்ன அறையில். காலால் மிதிக்கிற லேத், அரங்கள், உளிகள், இழுப்பறை நிறையத் திருகாணிகள். இளவயதில் கிளாஸ்கோவில் பயன்படுத்திய கருவிகளைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அழுக்கு உடையோடு சாப்பிடக் கீழே வந்தால் இரண்டாவது மனைவி ஆனுக்குப் பிடிக்காது. அதனால் சமைக்கிற சாமானும் மேலேயே இருந்தது!

1804-ல் அவருடைய மகன் கிரகரி காசநோயால் 27 வயதில் இறந்தார். அந்த மகனின் பள்ளிப் புத்தகங்கள் வைத்த பெட்டியையும் வாட் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த அறையில் சிலைகளை நகல் எடுக்கும் இரண்டு மெஷின்களைச் செய்தார். ஒன்று அதே அளவில் நகல் எடுக்கும், இன்னொன்று சிறிதாக்கும். ஒரு முனை சிலையைத் தடவிக்கொண்டே போகும், அதோடு இணைந்த இன்னொரு முனை கல்லைக் குடையும். பஸ் ஸ்டாண்டில் டூப்ளிகேட் சாவி போடுகிற மெஷினைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். இதற்கு அவர் பேடன்ட் வாங்கவில்லை. செய்த சிலைகளை நண்பர்களுக்குக் கொடுத்து, 83 வயதை எட்டும் ஓர் இளம் கலைஞனின் வேலை என்று தன்னையே கேலி செய்துகொள்வாராம். 1819 ஆகஸ்ட் 25 அன்று அவர் மறைந்தபோது மெஷின் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை.

அறையைப் பூட்டிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அது பெரும்பாலும் அப்படியே கிடந்தது. வீட்டை இடிக்கும் நிலை வந்தபோது, 1924-ல் கதவு, ஜன்னல், தரைப் பலகை முதற்கொண்டு எல்லாவற்றையும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். மொத்தம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள்! 2011-ல் அந்த அறையைப் புதிதாக அமைத்து மக்கள் பார்க்கத் திறந்தார்கள்.

என் காரணம்

எங்க குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிற வேலை. முதல் வருடம் யாராவது கேட்டால் பிசினஸ் என்று சொல்லிவிடுவேன்.

போன லீவில் அந்தக் கடையிலிருந்து அப்பா ஒரு பெஞ்ச் வைஸ் கொண்டுவந்தார். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, ஒரு பக்கத் தாடைத் தகடு இல்லை. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தோம். கம்பி பிரஷால் நான் தேய்த்தேன், திருகைக் கழற்றும் பக்குவத்தை அப்பா காட்டினார். எவ்வளவு தட்டினால் கழலும், எவ்வளவு தட்டினால் உடையும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. எந்த ரெக்கார்டு நோட்டிலும் நான் எழுதாத பாடம் அது. தாடைத் தகட்டை நம்ம ஃபிட்டிங் செக்ஷனில் சாரிடம் அனுமதி கேட்டு நானே செய்தேன். முதல் தகட்டில் துளை தள்ளிப் போய்விட்டது. இரண்டாவது பொருந்தியது.

அதன் பிறகுதான் ஜேம்ஸ் வாட்டைப் படித்தேன். உலகத்தையே மாற்றியவர் என்று பாடப்புத்தகம் சொல்கிற மனிதர், மற்றவர்கள் கைவிட்ட சாமானைக் கையில் எடுத்து ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்தான். பெரிய ஆளான பிறகும் அந்த வேலையை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

நண்பர்களே! இப்போது யாராவது கேட்டால், அப்பா பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார் என்றே சொல்கிறேன். அந்த வைஸ் எங்க வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஃபைலிங் பழக வேண்டுமானால் லீவில் வாருங்கள்.