மூக்குச்சளியில் கிடைத்த புதையல்

பென்சிலினைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டால் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்று எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம். அதற்கு ஏழு வருஷம் முன்னாடியே அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். எதில் தெரியுமா? தன் மூக்குச்சளியில்! சீச்சீ என்று முகம் சுளிக்காமல் மேலே படிங்க.

ஃப்ளெமிங் 1881 ஆகஸ்டு 6-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். ஏழு வயசிலேயே அப்பா இறந்துட்டார். பிறகு லண்டன் வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணம் கிடைத்ததால் செயின்ட் மேரி மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார்.

முதல் உலகப்போரில் பிரான்சில் ராணுவ டாக்டராக இருந்தபோது அவர் பார்த்தது கொடுமை. குண்டடியில் பிழைத்த சிப்பாய்கள்கூட காயத்தில் சீழ் பிடித்துச் செத்தார்கள். டாக்டர்கள் கிருமிநாசினியை ஊற்றினார்கள். ஆழமான காயத்தில் அது கிருமி ஒளிந்திருக்கும் இடத்துக்குப் போகவே இல்லை, நம் உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களைத்தான் கொன்றது என்று ஃப்ளெமிங் காட்டினார். அப்படீன்னா உடம்பைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் கொல்லும் பொருள் ஒன்று வேண்டுமே!

1921 நவம்பரில் அவருக்குச் சளி பிடித்தது. நாமாக இருந்தால் மூக்கைச் சிந்திவிட்டுப் போயிருப்போம். அவர் அந்தச் சளியைக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் போட்டு வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கிருமிகள். சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் கிருமிகள் கரைந்து போயிருந்தன! கரைத்த பொருளுக்கு லைசோசைம் என்று பெயர் வந்தது. அது எச்சிலில், தாய்ப்பாலில், முட்டை வெள்ளைக்கருவில், கண்ணீரிலும் இருந்தது. கண்ணீருக்காக நண்பர்கள் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிவாராம். பாவம் அவங்க!

சளி என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மியூசின் என்ற புரதம்தான் அதற்கு அந்த வழவழப்பைத் தருகிறது. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ளும். நமக்குத் தெரியாமலே விழுங்கிடுவோம், மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். அந்த அமிலம் வயிற்றையே அரிக்காமல் காப்பதும் சளிப்படலம்தான். மீனைக் கையில் பிடித்தால் வழுக்குதே, அதுவும் இதுபோல ஒரு கவசம்தான்.

அந்த டிசம்பரில் லண்டன் டாக்டர்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். லைசோசைம் சாதுவான கிருமிகளைத்தான் நன்றாகக் கரைத்தது, ஆளைக் கொல்லும் கிருமிகளிடம் அதன் வேலை அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஆனாலும் தட்டை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்குப் போகவில்லை. 1928 செப்டம்பரில் பூஞ்சை விழுந்த தட்டில் கிருமி கரைந்ததைக் கண்டதும் விஷயம் புரிந்துவிட்டது. அதுதான் பென்சிலின்!

அதை மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழுவினர்தான் அதைச் செய்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். ஃப்ளோரி பல வருஷமாகச் சளியையும் லைசோசைமையும் ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சி வழியாகத்தான் அவர்கள் ஃப்ளெமிங்கின் பழைய பென்சிலின் கட்டுரைக்கு வந்து சேர்ந்தார்கள். 1945-ல் மூன்று பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஃப்ளெமிங் 1955 மார்ச் 11-ல் லண்டனில் இறந்தார். 1965-ல் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர் மூலம் லைசோசைமின் உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். என்சைம்களிலேயே முதன்முதலில் முழு உருவம் தெரிந்தது இதற்குத்தான். அதை எடுத்தது சளியிலிருந்து இல்லை, கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து!