அழுத பிள்ளையும் பொற்கிண்ணப் பாலும்!

டம்ளரில் பால் ஆறி, ஆடை கட்டிவிட்டது. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நீங்கள் நாலு முறை நடந்தாயிற்று. உங்கள் வீட்டு வாண்டோ உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டுகிறது...

நீங்கள் திருவள்ளூர் தேரடிப் பக்கம் குடியிருப்பவராக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் கணவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் குழந்தையின் வயிறு நிறைந்துவிட வேண்டுமே என்று தவிப்பவராக இருக்கலாம். எந்த ஊரானால் என்ன... இந்தப் பால் போராட்டம் நடக்காத வீடு உண்டா?

ஒரு குழந்தை குடித்த ஒரே ஒரு கிண்ணம் பாலை, 1300 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகம் மறக்காமல் நெஞ்சில் வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை, நம் திருவள்ளூர் மண்ணுக்கும் எழுந்தருளியவர். அவர்தான் திருஞானசம்பந்தப் பெருமான். அவருடைய வரலாற்றை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். இந்த முறை, கையில் பால் டம்ளரோடு நிற்கும் ஒரு தாயாக அதைக் கேளுங்கள்!

குளக்கரையில் ஓர் அழுகை

ஏழாம் நூற்றாண்டு. சோழ நாட்டின் சீர்காழி. பிரமபுரம், தோணிபுரம், வேணுபுரம் என்று 12 திருப்பெயர்கள் கொண்ட தலம். அங்கே கவுணியர் குலத்தில் வாழ்ந்தவர் சிவபாத இருதயர். அவருடைய இல்லத்தரசி பகவதியார். பெயருக்கு ஏற்றாற்போல், சிவபெருமானின் திருவடியை மறவாத தம்பதி. சைவம் தழைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று தவமிருந்து, அதன் பயனாகப் பெற்ற செல்வம்தான் சம்பந்தர்.

பிள்ளைக்கு வயது மூன்று. ஒருநாள் காலையில் தந்தையார் நீராடக் கிளம்பினார். குழந்தையும் கூடவே வருவேன் என்று அடம் பிடித்தது. சிணுங்கிக்கொண்டே பின்னால் வந்தது. வேறு வழியில்லாமல் அழைத்துப் போனார். கோயில் தீர்த்தக் கரையில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, தோணியப்பரைத் தொழுது, நீருக்குள் மூழ்கி மந்திரம் ஜபிக்கத் தொடங்கினார்.

கரையில் இருந்த குழந்தை பார்த்தது. அப்பாவைக் காணோம்! நேரம் ஆக ஆக, கண்கள் குளமாயின. உதடு துடித்தது. கோயில் சிகரத்தை அண்ணாந்து பார்த்து, அம்மையையும் அப்பனையும் கூவி அழைத்து அழத் தொடங்கிவிட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், சகோதரிகளே! அந்தக் குழந்தை முதலில் அழுதது எதற்காக? அப்பா கண்ணில் படவில்லையே என்ற ஏக்கத்தால் அல்லவா! பசி, ஏக்கம், பயம் எதுவானாலும் குழந்தைக்குத் தெரிந்த ஒரே மொழி அழுகைதான். அந்த மொழியைப் புரிந்துகொள்ளத் தாயால்தான் முடியும்.

உலகத்துக்கே தாயானவளுக்குப் புரியாமல் போகுமா? விடையின் மேல் இறைவனோடு குளக்கரைக்கு எழுந்தருளினாள் உமையம்மை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்படி இறைவன் பணித்தார். அன்னை தன் திருமுலைப் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்தாள். அதில் சிவஞானமாகிய அமுதைக் குழைத்தாள்.

அடுத்து அவள் செய்ததைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் எத்தனை நுட்பமாகக் காட்டுகிறார் தெரியுமா? முதலில் குழந்தையின் கண்ணீரைத் துடைத்தாள். பிறகு, பொற்கிண்ணத்தை அந்தப் பிஞ்சுக் கையிலேயே கொடுத்தாள்!

அழுகிற வாயைப் பிடித்துத் திறக்கவில்லை. அவசரமாகப் புகட்டவில்லை. அழுகையை நிறுத்தினாள், கிண்ணத்தைக் கையில் தந்தாள், குழந்தை தானே குடித்தது. அந்தக் கணமே ஆளுடைய பிள்ளையார் ஞானசம்பந்தர் ஆனார்.

தந்தையின் கையில் கோல்

நீராடி முடித்துக் கரையேறிய சிவபாத இருதயர் திடுக்கிட்டார். பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்துகொண்டிருக்கிறது. யார் கொடுத்த பாலோ, என்ன பாலோ என்ற பதற்றம். அந்தப் பதற்றமே கோபமாயிற்று. ஒரு கோலை எடுத்து ஓங்கி, பால் கொடுத்தவரைக் காட்டும்படி மிரட்டினார்.

குழந்தை பயந்து ஒளியவில்லை. கண்களில் ஆனந்தக் கண்ணீர் பெருக, வலது கையைத் தூக்கி விண்ணைச் சுட்டிக் காட்டியது. காதிலே தோடு, ஏறி வரும் விடை, முடியிலே வெண்பிறை என்று அடையாளம் அடையாளமாகச் சொல்லித் தன் முதல் பதிகத்தைப் பாடியது. தந்தையின் கையிலிருந்த கோல் நழுவியது. அவர் நெஞ்சு உருகிக் கைகூப்பினார்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் குழந்தை சம்பந்தரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் கிண்ணம். மறு கையின் விரல் மேலே சுட்டும். பால் கொடுத்தவளைக் காலமெல்லாம் மறக்காத பிள்ளையின் கோலம் அது!

பிள்ளையார் நடந்த பாதை

அதன் பிறகு அந்தப் பிள்ளையின் வாழ்வே ஒரு தல யாத்திரை ஆயிற்று. அருகிலுள்ள திருக்கோலக்காவில் பிஞ்சுக் கைகளால் தாளம் போட்டுப் பாடியபோது, கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்தார். அதற்கு ஓசை தந்த அம்மை, இன்றும் அங்கே ஓசை கொடுத்த நாயகியாக அருள்கிறாள். அம்மா பிறந்த ஊரான திருநனிபள்ளிக்குத் தந்தையின் தோளில் ஏறிச் சென்றார். பிஞ்சுப் பாதங்கள் நோகாமல் இருக்கத் திருநெல்வாயில் அரத்துறை இறைவன் முத்துச் சிவிகை அனுப்பி வைத்தார்.

வயதில் மிக மூத்தவரான திருநாவுக்கரசர் அவரைத் தேடி வந்தார். பிள்ளை அவரை அன்போடு அப்பர் என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் பெண்ணை வாட்டிய முயலகன் நோய் நீங்கப் பாடினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்களின் பசி போக்கினார். மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீற்றால் தணித்தார்.

யாத்திரை தொண்டை நாட்டுப் பக்கம் திரும்பியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் ஊரிலுள்ள திருவிற்கோலம், திருவாலங்காடு, திருப்பாசூர், திருக்கண்டலம் என்று இன்று வழங்கும் திருக்கள்ளில் ஆகிய தலங்களெல்லாம் அவருடைய பதிகம் பெற்றவை.

இவற்றில் திருவாலங்காட்டில் நடந்ததை நினைத்தால் மெய்சிலிர்க்கும். அது நடராஜப் பெருமானின் ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து, ஆடும் திருவடியின் கீழ் அமர்ந்த இடம். ஒரு தாய் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிப்பதா என்று கலங்கிய சம்பந்தர், ஊருக்குள் நுழையவே இல்லை. அருகிலுள்ள பழையனூரில் இரவு தங்கிவிட்டார். இறைவனே கனவில் வந்து, நம்மைப் பாட மறந்தாயோ என்பது போல நினைவூட்ட, விழித்தெழுந்து பதிகம் பாடினார்.

சிவபெருமானே அம்மை என்று அழைத்த பெருமைக்குரியவர் காரைக்காலார். அன்னையின் கையால் பால் குடித்த பிள்ளை, இன்னொரு அன்னைக்குக் காட்டிய மரியாதையைப் பார்த்தீர்களா?

அடுத்தது திருப்பாசூர். இங்குள்ள வாசீஸ்வரரைப் பற்றிய தல வரலாறும் பாலோடு சேர்ந்ததுதான். மூங்கில் புதருக்குள் பசு ஒன்று, யாரும் கறக்காமல் தானாகவே பாலைச் சொரிந்து வந்ததாம். மண்ணை அகழ்ந்து பார்த்தபோது சுயம்புவாக லிங்கத் திருமேனி வெளிப்பட்டதாம். வாசி என்னும் கருவியின் வெட்டு பட்டதால், வாசீஸ்வரர் என்று திருநாமம். அம்பாள் தங்காதலி. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் இது.

பிறகு காளத்தியைத் தரிசித்து, திருவொற்றியூர் வழியாக மயிலை சேர்ந்தார். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை, குடத்தில் இருந்த சாம்பலிலிருந்து பெண்ணாக எழுப்பினார். அவளை அவருக்கே மணமுடிக்கத் தந்தை சிவநேசர் விரும்பியபோது, உயிர் கொடுத்ததால் அவள் தமக்கு மகள் முறை என்று மறுத்துவிட்டார்.

பதினாறு வயதில், ஆச்சாள்புரம் என்னும் திருநல்லூர்ப் பெருமணத்தில் அவருக்குத் திருமணம். அன்று தோன்றிய சிவஜோதியில், வந்திருந்த அடியார்கள் அனைவரையும் புகச் சொல்லி, மணமகளோடு தானும் கலந்தார். அந்த நாள் வைகாசி மூலம். பன்னிரு திருமுறைகளில் முதல் மூன்றும் அவர் பாடியவை. 2023-ம் ஆண்டு ஏப்ரலில், சீர்காழி சட்டைநாதர் கோயில் திருப்பணியின்போது தேவாரம் பொறித்த செப்பேடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

அன்னை கற்றுத் தந்த வழி

இனி, உங்கள் கையில் இருக்கும் டம்ளருக்கு வருவோம். குளக்கரையில் உமையம்மை செய்ததையும், இன்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்!

முதலில் கண்ணீரைத் துடையுங்கள். அழுகிற குழந்தையைக் காலிடுக்கில் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பால் புகட்டுவது வேண்டவே வேண்டாம். புரை ஏறி, பால் மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. அதோடு, டம்ளரைக் கண்டாலே குழந்தை மிரளும். நாள் முழுக்க அப்பாவையோ அம்மாவையோ காணாமல் ஏங்கிய பிள்ளைக்கு, பாலுக்கு முன் பத்து நிமிடம் மடி தேவைப்படலாம்.

பிறகு கிண்ணத்தைக் கையில் கொடுங்கள். பொற்கிண்ணம் வேண்டாம், சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். அதில் கால் டம்ளர் ஊற்றி, குழந்தையே பிடித்துக் குடிக்கட்டும். நாலு சொட்டு சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். அம்மை பாலில் ஞானம் குழைத்தாள். நாம் ஒரு கதையைக் குழைக்கலாமே... கைபேசியைக் காட்டிக் குடிக்க வைத்தால், குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரியாது.

பசி வரட்டும். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சி வேகம் குறையும்; அதனால் பசியும் குறையும். அது நோயல்ல. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 500 மில்லி பால் போதும். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகையும் வரலாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு, மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் அதைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாலே பிடிக்காத பிள்ளையா? தயிர், பன்னீர், கேழ்வரகுக் கூழ் இருக்கின்றனவே! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால், பால் குடித்ததும் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு என்று வந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, பிடிவாதம் என்று நினைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை மெலிந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவர்கள் அதட்டலாம். அது அன்பினால் வருகிற கோபம்தான். சிவபாத இருதயரின் கையில் கோல் ஏறியதும் அப்படித்தானே! ஆனால் பால் இறங்கியது அந்தக் கோலினால் அல்ல. அதற்கு முன்பே, அம்மையின் அன்பினால்!

எங்கே தரிசிக்கலாம்?

திருப்பாசூர், திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ளது. திருவாலங்காட்டுக்கு சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் அதே பெயரில் நிலையம் உண்டு. அங்கிருந்து ஆட்டோவில் கோயிலை அடையலாம். திருக்கள்ளில் செல்பவர்கள், பெரியபாளையம் சாலையில் கன்னிகைப்பேர் வந்து திரும்ப வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அன்பர்கள், கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சிறுவாபுரி பாலமுருகனையும் தரிசிக்கலாம். முருகனே சம்பந்தராக வந்தான் என்பது அருணகிரிநாதரின் வாக்கு.

சீர்காழியில் சித்திரைப் பெருவிழாவின்போது திருமுலைப்பால் உற்சவம் விமரிசையாக நடக்கும். அன்று குழந்தைகளுக்காகப் பெண்கள் பால் நிவேதனம் செய்து வேண்டிக்கொள்வார்கள். போக இயலாதவர்கள், வைகாசி மூலத்தன்று வீட்டிலேயே சம்பந்தரை நினைத்து ஒரு கிண்ணம் பால் நிவேதனம் செய்யுங்கள். பிறகு அந்தக் கிண்ணத்தை உங்கள் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாய் குடித்தாலும் சரி, மீதியைப் பிரசாதமாக நீங்கள் அருந்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு மழலைகள் நோய்நொடி இல்லாமல் வளர, அழுத பிள்ளையின் கண்ணீர் துடைத்த அந்த அம்மை துணையிருப்பாள்!